மரநிழல் மன்றங்கள்: மூனிக்கும் புனேயும்

மன்றம் என்னும் சொல்லை இன்று நாம் சங்கத்திற்கும், கழகத்திற்கும், நீதி வழங்கும் இடத்திற்கும் பெயராக வழங்குகிறோம். சொல்லைக் கேட்டவுடன் நான்கு சுவரும் ஒரு கூரையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் பழந்தமிழ்ப் பாடல்களிற் காணும் மன்றத்திற்குப் பெரும்பாலும் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வேம்போ, பலாவோ, ஆலோ ஊர் நடுவே கிளை பரப்பி நிற்கும். அதன் நிழலே மன்றம். முதியோர் அங்கு அமர்ந்து வழக்குத் தீர்த்தனர். பரிசில் நாடி வந்த பாணரும் கூத்தரும் அங்கேதான் தங்கினர். நிழலுக்கு உரிமை கேட்பார் எவரும் இலர். வந்தவர் எல்லோரும் அமரலாம்.

நாம் வந்து வாழும் மராத்திய நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. அரசமரத்தையோ ஆலமரத்தையோ சுற்றி எழுப்பப்பட்ட கல்மேடைக்கு மராத்தியர் 'பார்' என்று பெயர் சூட்டினர். மது விற்கும் 'பார்' வேறு. இந்தப் 'பார்' வேறு. மாலையில் நண்பர் கூடி ஊர்க்கதை பேசும் இடத்தைப் புனே மக்கள் 'கட்டா' என்பர். நம் ஊர்த் திண்ணைக்கு அது நெருங்கிய உறவு.

இத்தகைய மரநிழல் மன்றம் ஒன்று கடல் கடந்த ஐரோப்பாவிலும், ஜெர்மனியின் தென்பகுதியாகிய பவேரிய நாட்டில், இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அழியாது வாழ்ந்து வருகிறது. 'பியர்கார்ட்டன்' என்று அதனை அந்நாட்டார் அழைப்பர். பீர்த் தோட்டம் என்பது பொருள். அதன் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம். அதற்குக் காரணம் உண்டு. புனே நகருக்கும் ஜெர்மனிக்கும் தொழில்வழித் தொடர்பு மிகுதி. மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழி கற்போருள் நம் இல்லத்துப் பிள்ளைகளும் உளர். கல்விக்காகவும் பணிக்காகவும் மூனிக் நகருக்குச் செல்லும் தமிழ் இளைஞர் இன்று பலர். அங்குச் செல்வோர் அரண்மனைகளையும் பொருட்காட்சிச் சாலைகளையும் காண்பதோடு இத்தோட்டங்களையும் காணுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

மதுவைப் பற்றிய பேச்சு ஆண்டுவிழா மலருக்குத் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அதியமான் ஔவையோடு கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகிறது. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். இவ்விரு மரபுக்கும் நாம் உரியவர்கள். நாம் ஈண்டு ஆராயப் புகுவது குடியை அன்று, நிழலை. குடியாதாரும் அத்தோட்டங்களில் எலுமிச்சைப் பானமோ ஆப்பிள் சாறோ பருகி மணிக்கணக்கில் அமர்ந்திருக்கலாம்.

பவேரியாவின் பீர் வரலாற்றில் நான்கு ஆண்டுகள் நினைவிற் கொள்ளத்தக்கவை. முதலாவது 1516. அவ்வாண்டில் பவேரியக் கோமக்கள் இங்கோல்ஸ்டாட் நகரில் ஓர் ஆணை பிறப்பித்தனர். வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, நீர் ஆகிய மூன்றனைத் தவிர வேறெதுவும் பீரிற் சேர்க்கலாகாது என்றும், இன்ன விலைக்குமேல் விற்றலாகாது என்றும் அது விதித்தது. பொருளின் தூய்மையும் ஏழையின் பையும் ஒருங்கே காக்கப்பட்டன.

இரண்டாவது 1553. கோடையில் வடிக்கும் பீர் விரைவிற் கெட்டது. காய்ச்சும் அடுப்பினால் தீ விபத்தும் நேர்ந்தது. ஆதலின் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் வடித்தலே கூடாது எனத் தடை வந்தது. இத்தடை 1850 வரை நீடித்தது. மார்ச்சு மாதத்தில் வடித்ததைக் கோடை முழுவதும் கெடாமற் காக்க வேண்டிய கட்டாயம் ஆலைக்காரர்க்கு ஏற்பட்டது. குளிர்ச்சியிலே மெல்ல நொதிக்கும் பவேரிய பீர்வகைக்கு நிலவறை இன்றியமையாதது. மூனிக் நகரில் நிலத்தடி நீர் மேலாகவே ஊறியமையால் ஆழத் தோண்ட இயலவில்லை. எனவே ஈசார் ஆற்றங்கரையின் மேட்டுச் சரிவுகளில் நிலவறைகள் குடைந்தனர். குளிர்காலத்தில் உறைந்த குளங்களினின்று பனிக்கட்டியை வெட்டி உள்ளே அடுக்கினர். நிலவறையின் மேலே சரளைக்கல் பரப்பி, அதன்மேல் ஹார்ஸ் செஸ்நட் என்னும் மரத்தை நட்டனர்.

அம்மரத்தைத் தேர்ந்ததில் ஓர் அறிவு உண்டு. அதன் இலை அகன்றது, நிழல் அடர்ந்தது. வேரோ ஆழப் பாயாது படர்வதாகலின் கீழுள்ள வளைவுக் கூரையைப் பிளக்காது. பால்கன் நாடுகளுக்கு உரிய இம்மரம் பதினாறாம் நூற்றாண்டில்தான் நடு ஐரோப்பாவிற்கு வந்தது. இன்று அதுவே பவேரியத் தோட்டத்தின் அடையாளம். வந்தேறிய மரம் ஊரின் அடையாளமாக மாறுதல் புலம்பெயர்ந்து வாழும் நமக்கு ஓர் இனிய செய்தி அன்றோ!

நிழல் இருந்தது, குளிர்ந்த பீரும் இருந்தது. மக்கள் வரத் தொடங்கினர். ஆலைக்காரர் பலகைகளை இட்டு அங்கேயே விற்றனர். நகரத்துச் சிறு விடுதிக்காரர்க்கோ வாடிக்கை குறைந்தது. அவர்கள் அரசனிடம் முறையிட்டனர். இங்குதான் மூன்றாவது ஆண்டு வருகிறது. 1812 ஜனவரி 4-ஆம் நாள், பவேரிய மன்னர் முதலாம் மாக்சிமிலியன் ஜோசப் இருசாராரும் ஏற்கத்தக்க ஓர் ஆணையை வழங்கினார். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆலைக்காரர் தம் நிலவறைகளில் தாம் வடித்த பீரைச் சில்லறையாக விற்கலாம். உடன் ரொட்டி தரலாம். வேறு உணவு எதுவும் விற்றல் கூடாது.

இத்தடை தண்டனைபோல் தோன்றினும் வரமாக முடிந்தது. உணவு விற்கப்படாமையால் மக்கள் தத்தம் உணவை மூட்டை கட்டிக் கொண்டுவந்தனர். ரொட்டி, பாலாடைக்கட்டி, முள்ளங்கி, புலால் துண்டு ஆகியவற்றைக் கூடையிலிட்டுக் குடும்பத்தோடு வந்து, நீண்ட பலகையில் அமர்ந்து, பக்கத்திலிருப்பவரோடு பகிர்ந்துண்டனர். நமக்கு இது புதிதன்று. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் புளியோதரையும் தயிர்ச்சோறும் தேங்காய்ச் சோறும் கொண்டுசென்று உண்ணும் கட்டுச்சோற்று வழக்கத்தை அறிந்தவர்க்குப் பவேரியரின் இக்கூடை நன்கு விளங்கும்.

உணவு விற்கலாகாது என்னும் விலக்கு பிற்காலத்தில் நீங்கியது. 1870-களில் கார்ல் லிண்டே என்பார் குளிர்ப்பதனப் பொறியை இயற்றி மூனிக் ஸ்பாட்டன் ஆலையில் நிறுவியபின் நிலவறையின் தேவையும் நீங்கியது. காரணம் மறைந்தபின் காரியமும் மறைந்திருத்தல் வேண்டும். ஆயினும் மறையவில்லை. தோட்டம் நின்றது, கூடையும் நின்றது. மரபான பீர்த் தோட்டத்தில் விரிப்பு இடாத மேசை எதுவாயினும் அதில் நம் சொந்த உணவை வைத்து உண்ணலாம். பானம் மட்டும் அங்கே வாங்குதல் முறை. விரிப்பு இட்ட மேசை விடுதியில் உணவு வாங்குவோர்க்கு உரியது. இந்நுட்பத்தை அங்குச் செல்லும் நம் இளைஞர் அறிந்துகொள்ளுதல் நலம்.

காணத்தக்க தோட்டங்களுட் சிலவற்றைக் கூறுவோம். மூனிக் தலைமை ரயில் நிலையத்திற்கு அணித்தாக, ஆர்னுல்ப் வீதியில் உள்ளது அகுஸ்டீனர் கெல்லர். 'கெல்லர்' என்பது நிலவறை. பழைய பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட செஸ்நட் மரங்களின் கீழ் ஏறத்தாழ 5,000 பேர் அமரலாம். மரப்பீப்பாயினின்றே பீர் வார்க்கும் பழைய முறையை அங்குக் காணலாம். நிம்பென்பர்க் அரண்மனைக்கு அருகிலுள்ள ஹிர்ஷ்கார்ட்டன் அனைத்திலும் பெரியது. ஏறத்தாழ 8,000 இருக்கைகள் கொண்டது. மான் தோட்டம் என்பது அதன் பெயர்ப்பொருள். வேலிக்கப்பால் மான்கள் மேய்வதைக் குழந்தைகள் இன்றும் கண்டு மகிழ்கின்றன.

ஆங்கிலப் பூங்கா என வழங்கும் பெருஞ்சோலையின் நடுவே சீனக் கோபுரம் எனும் ஐந்தடுக்கு மரக்கோபுரம் நிற்கிறது. 1790-ஐ ஒட்டி எழுந்த அது 1944-இல் குண்டுவீச்சில் எரிந்தது. 1952-இல் முன்னிருந்தவாறே மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் அடியில் ஏறத்தாழ 7,000 பேர் அமரும் தோட்டம் உள்ளது. நகர் நடுவே விக்டுவாலியன் சந்தையில் உள்ள தோட்டமோ சிறியது. ஆயின் நகரின் ஆறு பேராலைகளின் பீரும் அங்கே முறைவைத்து வார்க்கப்படும். சந்தையில் பழமும் ரொட்டியும் வாங்கி அங்கேயே அமர்ந்து உண்ணலாம். பீரில் எலுமிச்சைப் பானம் கலந்த 'ராட்லர்' என்னும் ஒருவகை அத்தோட்டங்களில் உண்டு. மிதிவண்டிக்காரர் என்பது அச்சொல்லின் பொருள். மிதிவண்டி நகரம் என ஒருகாலத்திற் பெயர்பெற்ற நம் புனேக்கு இது சுவையான செய்தி.

இத்தோட்டங்களில் அமைச்சரும் தொழிலாளியும் ஒரே பலகையில் அமர்வர் எனப் பவேரியர் பெருமையாகக் கூறுவர். பெருமையை ஏற்கும் நாம் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறத்தல் ஆகாது. ஈசார் ஆற்றின் கிழக்கே இருந்த பியூர்கர்பிராய் கெல்லர் என்னும் பீர் மண்டபத்தில்தான் 1923 நவம்பர் 8-ஆம் நாள் இரவு ஹிட்லர் தன் ஆட்சிக் கவர்ப்பு முயற்சியைத் தொடங்கினான். 1939-இல் அதே மண்டபத்தில் கியோர்க் எல்சர் என்னும் தச்சர் அவனைக் கொல்லத் தனியொருவராக வெடிகுண்டு அமைத்தார். ஹிட்லர் முன்னரே வெளியேறியதால் தப்பினான். எல்சர் 1945-இல் சிறைமுகாமிற் கொல்லப்பட்டார். மக்கள் கூடும் இடம் தானாகவே நல்லிடம் ஆகிவிடாது. பக்கத்தில் அமர்பவர் யாராயினும் அமரட்டும் என்னும் நெஞ்சம் இருக்கும்வரையே அது மன்றம். இன்னார் அமரலாகாது என்ற குரல் எழுந்தவுடன் அது வெறுங்கூட்டம்.

புலம்பெயர்ந்தோர் இம்மன்றத்தைக் கையோடு கொண்டுசென்ற வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியர் பலர் அமெரிக்கா சென்று குடியேறினர். ஆறு நாள் உழைத்து ஏழாம் நாளில் மனைவி மக்களோடு பீர்த் தோட்டத்தில் அமர்ந்து இசை கேட்பது அவர்தம் வழக்கம். 1855-இல் சிக்காகோ நகரத் தலைவர் லீவை பூன் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடை திறத்தலைத் தடுத்தார்; உரிமக் கட்டணத்தையும் 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தினார். ஏப்ரல் மாதத்தில் குடியேறிகள் திரண்டெழுந்தனர். கலகத்தில் உயிரும் போயிற்று. மறு ஆண்டுத் தேர்தலில் குடியேறிகள் பெருந்திரளாக வாக்களித்தனர், கட்டணம் குறைக்கப்பட்டது. அவர்கள் போராடியது பானத்திற்காக மட்டும் அன்று. அயல்மண்ணில் தம் மொழி பேசித் தம்மவரோடு அமர ஒரு பலகை வேண்டும் என்பதற்காகவும் போராடினர்.

நான்காவது ஆண்டு 1995. மூனிக் நகரின் தென்புறத்தே கிராஸ்ஹெசெலோஹே என்னுமிடத்தில் உள்ள பழந்தோட்டம் ஒன்றின் ஆரவாரம் குறித்து அண்டை வீட்டார் வழக்காடினர். இரவு ஒன்பதரை மணிக்கே தோட்டத்தை மூட வேண்டும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 மே 12-ஆம் நாள் இருபதினாயிரம் மக்கள் மூனிக் நகரில் ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டே பவேரிய அரசு ஓர் ஒழுங்காணை இயற்றியது. அதிற் குறை கண்டு கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளவே, 1999-இல் திருந்திய ஆணை வந்தது. இரவு பத்து மணியோடு இசை நிற்றல் வேண்டும். பதினொரு மணியோடு தோட்டம் மூடல் வேண்டும். அயலாரின் உறக்கமும் ஊராரின் உறவும் ஒருங்கே மதிக்கப்பட்டன.

அவ்வாணை பீர்த் தோட்டம் எது என்பதற்குக் கூறும் இலக்கணம் சிந்திக்கற்பாலது. ஒன்று, அது தோட்டமாக இருத்தல் வேண்டும். மற்றொன்று, தம் சொந்த உணவைக் கொண்டுவந்து கட்டணமின்றி உண்ணும் உரிமை மக்களுக்கு இருத்தல் வேண்டும். நிழலும் கட்டுச்சோறும், இவ்விரண்டே இலக்கணம். பணம் மிகுதியாகச் செலவிட இயலாதவனும் அங்கு அமரலாம் என்பதைச் சட்டமே உறுதி செய்கிறது.

இனி நம் புனே நகருக்கு வருவோம். 1817-இல் கிர்க்கிப் போர் முடிந்து பேஷ்வா ஆட்சி வீழ்ந்தபின் இங்கு ஆங்கிலப் படைமுகாம் பெருகிற்று. படையோடு பீரும் வந்தது. கசௌலி, ராணிகேத், டார்ஜிலிங் முதலிய இடங்களில் பீர் ஆலை நடத்திய மீக்கின் என்பார் கிர்க்கியிலும் ஓர் ஆலை கண்டார். ஆயின் அது படைமுகாமைச் சார்ந்த தொழில். ஊர் மக்களின் மன்றமாக அது வளரவில்லை. விடுதலைக்குப்பின் 1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. சேலம் மாவட்டத்தில் 1937-இல் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியிருந்தமையால், அங்கிருந்து இங்கு வந்த நம்மவர்க்கு இச்சட்டம் புதுமையாக இருந்திராது. பிற்காலத்தில் கடுமை தளர்ந்தது. 2009-இல் நாட்டின் முதற் சிற்றாலைகளுள் ஒன்றாகிய டூலாலி, ஜெர்மானிய வல்லுநர் ஒருவரின் கைத்திறனோடு, புனேயிலேதான் தொடங்கியது. நாசிக் அருகேயுள்ள தேவ்லாலி முகாமின் பெயர் ஆங்கிலச் சிப்பாய்களின் நாவிற் சிதைந்து 'டூலாலி' ஆயிற்று என்பர்.

இன்று புனேயில் பீர்த் தோட்டம் என்று பெயர்ப்பலகை தாங்கிய இடங்கள் உண்டு. மரமும் உண்டு, விளக்கும் உண்டு. ஆயின் வெளி உணவு கொண்டுவரலாகாது என்னும் பலகையும் அத்தகைய விடுதிகளின் வாயிலில் தொங்கக் காண்கிறோம். பவேரிய இலக்கணத்தின்படி நோக்கின், பெயர் இருக்கிறது, உயிர் இல்லை.

உயிர் வேறிடத்தில் இருக்கிறது. பெர்கூசன் கல்லூரிச் சாலையில் உள்ள வைஷாலி உணவகத்தை அறியாத புனேக்காரர் இலர். அதற்கு முன்னிருந்த பெயர் 'மதராஸ் ஹெல்த் ஹோம்' என்பதை நம் இளைய தலைமுறை அறியுமோ? அதன் உடன்பிறப்பாகிய ரூபாலி முன்பு 'கபே மதராஸ்' எனப்பட்டது. துளுநாட்டிலிருந்து 1949-இல் இளைஞராக இங்கு வந்து, இவ்வுணவகங்களை வளர்த்துப் பெரும்புகழ் ஈட்டிய ஜகந்நாத் ஷெட்டி அவர்கள் 2023-இல் மறைந்தார். விந்தியத்திற்குத் தெற்கே பிறந்தோர் அனைவரும் 'மதராஸி' என்றே அழைக்கப்பட்ட காலத்தில், இட்டலியும் தோசையும் காப்பியும் அப்பெயருக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்தன. அவ்வுணவகத்துத் தோட்டத்து மேசையில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மாணவரும் பேராசிரியரும் நாடகக்காரரும் உரையாடினர். மது இன்றியே ஒரு மன்றம் உருவாயிற்று. இட்டலித் தட்டும் காப்பிக் கோப்பையும் அங்கே செஸ்நட் நிழலின் பணியைச் செய்தன.

படைத்துறைக் கணக்கு அலுவலகங்களிலும், கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், ரயில்வேயிலும் பணியேற்று வந்த நம் முன்னோர்க்கு இந்நகரில் சொந்த மன்றம் கிடையாது. பிறர் வீட்டுக் கூடத்திலும் கோயில் முற்றத்திலும் கூடித்தான் தமிழ் பேசினர். அவ்வாறு கூடியோரின் ஏக்கத்திலிருந்தே புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் பிறக்கின்றன. இன்று ஹிஞ்சவடியில் கணிப்பொறிப் பணிக்கு வரும் இளைஞரும், கட்டட வேலைக்கு வரும் தொழிலாளியும் அதே ஏக்கத்தோடு வந்து இறங்குகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் உறுப்பினர் கட்டணமும் விழாச் சீட்டும் வாங்கி நம்மிடம் வருவர்? வாயிலில் நின்று தயங்குவோரே பலர்.

ஆதலின் பவேரிய ஆணையின் இலக்கணத்தை நாமும் மேற்கொள்ளலாம் என்பது நம் பரிந்துரை. ஆண்டுக்கொரு முறை, ஆடிப்பெருக்கையொட்டி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எம்பிரஸ் தோட்டம் போன்ற பெருமரச் சோலை ஒன்றில் கட்டுச்சோற்று விழா எடுப்போம். சீட்டு வேண்டா, கட்டணம் வேண்டா, மேடையும் மாலையும் வேண்டா. ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சோற்றைக் கொண்டுவரட்டும். கொண்டுவர இயலாதார் வெறுங்கையோடு வந்து பக்கத்தாரின் இலையிற் பங்கு பெறட்டும். மராத்திய அண்டை வீட்டாரும் தம் பாகரியும் பிட்லாவும் எடுத்து வரட்டும்.

மூனிக் நகரத்தார் தம் மன்றத்தைக் காக்க ஒருமுறை வீதியில் இறங்க நேர்ந்தது. நமக்கு அவ்வளவு தொல்லை இல்லை. ஒரு மரமும், சில பாத்திரங்களும், இடம் விட்டு அமரும் மனமும் போதும். மரங்கள் இந்நகரில் இன்னும் இருக்கின்றன. அவை இருக்கும்போதே அவற்றின் அடியில் அமர்ந்துகொள்வோமாக.